ஞாயிறு இரவு கொழும்பு பஸ்

நேற்றும் திருகோணமலையில் மகளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். மனைவி கட்டிக் கொடுத்த கருவாட்டை மணம் வராமல் மூன்று சொப்பிங் பைக்குள் சுற்றி, உடுப்புகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களில் பாதிப்பேர் அவள் வயதுதான்.

"தலைநகரம் என்றால் அப்படித்தான், எல்லாரும் அங்கேதான் போகவேண்டும்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். எனக்கு அது மனதுக்கு ஒத்துவரவே இல்லை.

கொழும்புக்குக் கடல் தானாகத் துறைமுகம் கொடுக்கவில்லை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கப்பல்கள் ஒதுங்க இடமில்லாமல் ஆடிக்கொண்டு நிற்கும். பெரிய கப்பல்கள் காலிக்குத்தான் போயின. ஆனால் மலைநாட்டுக் கோப்பி கொழும்பில் வந்து குவிந்தது; 1867இல் கண்டிக்கு ரயிலும் ஓடியது. அதனால் 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்து, பத்து வருடமாகக் கல்லைப் போட்டுக் கடலை அடக்கினார்கள். கோப்பி நோயில் அழிந்தபோது தேயிலை வந்து அந்தத் துறைமுகத்தை நிரப்பியது. காலி ஓய்ந்துபோனது. 1977இல் திறந்த பொருளாதாரம், அடுத்த வருடம் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம், பிறகு கொள்கலன் முனையங்கள், இப்போது கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம். இவ்வளவும் யாரோ தீர்மானித்துப் பணம் போட்டு நடந்தவை.

அந்த நகரத்தை வளர்த்ததில் நம்மவர்களின் உழைப்பும் உண்டு. புறக்கோட்டையில் என் பெரிய மாமாவின் பிடவைக்கடை 1983 யூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்தது. அதன்பிறகு அவர் கொழும்புப் பக்கமே போகவில்லை.

எங்கள் திருகோணமலைக்கோ கடல் எல்லாவற்றையும் கொடுத்தது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்ததும் அதனால்தான். இன்று மா ஆலை இருக்கிறது, சீமெந்து ஆலை இருக்கிறது, சரி. இங்கே சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களில் பல இன்னும் பற்றைக்காட்டுக்குள் துருப்பிடிக்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றில் 61ஐக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். நாட்டின் உற்பத்தியில் 40 வீதத்துக்கு மேல் இன்றும் மேல் மாகாணத்தில்தான். மீதியை எட்டு மாகாணங்கள் பங்குபோட வேண்டும்.

என் மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவள். அவள் செய்யும் வேலைக்கு அலைதடுப்புச் சுவர் தேவையில்லை, கப்பலும் தேவையில்லை. கொரோனாக் காலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தே அதே வேலையைச் செய்தாள், அதே சம்பளத்துக்கு. அப்புறம் அலுவலகத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது சம்பளத்தில் பாதி வெள்ளவத்தை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது.

கொழும்பிலிருந்து எதையும் பிடுங்கித் தரச் சொல்லவில்லை. மின்வெட்டுக்குத் தாங்கும் ஜெனரேட்டரும் நல்ல இணையமும் உள்ள ஒரு கட்டடத்தை இங்கே உவர்மலையிலோ உப்புவெளியிலோ கட்டி, இப்படிக் கணினி வேலை கொடுக்கும் கம்பனிகளுக்கு ஐந்து வருடம் வாடகை இல்லாமல் கொடுங்கள். நேற்று பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகளில் யார் யார் அங்கே வேலை செய்யலாம் என்று நானே போய்க் கேட்டுப் பட்டியல் எழுதித் தருகிறேன்.