உயரமாக வளரும் பூச்செடிகளை வெட்டாமல் விடுங்கள்

செம்பருத்தியையும் அரளியையும் இடுப்பளவுக்கு மேல் எழவிடாமல், மேசைப் பலகைபோல் மட்டமாக வெட்டி வைப்பது நகரத்து வீட்டுத் தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. வெட்டிய குப்பை வாசலில் குவிந்தால்தான் தோட்ட வேலை நடந்ததாக வீட்டுக்காரர் நம்புகிறார் என்பது வேறு விஷயம். பல்லாண்டு வாழும் பூச்செடிகளுக்கு, அவை எட்டக்கூடிய உயரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு இடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அவற்றை அவற்றின் போக்கில் விடுவதே முறை என்பது என் கருத்து.

செம்பருத்தி புதிதாகத் துளிர்க்கும் கிளைகளின் நுனிப்பகுதியில்தான் அரும்பு கட்டும். மாதந்தோறும் நுனியைக் கத்தரித்துக்கொண்டே இருந்துவிட்டு, செடி பூக்கவில்லை என்று உரக்கடைக்குப் போய் நிற்பதில் பொருளில்லை. அரளியின் இலைகளையோ, கருஞ்சிறகில் வெண்புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்று வளர்கின்றன; இலையடியில் தொங்கும் அதன் கூட்டுப்புழு உலோகம்போல் மின்னும். ஓயாமல் வெட்டப்படும் வேலியில் அந்தப் புழு கூடு கட்டும் பருவம்வரை பிழைத்திருப்பது அரிது.

வெட்டும் பழக்கத்தால் நாம் அதிகம் இழப்பது செங்காந்தளை. தமிழ்நாட்டின் மாநில மலரான இதை வீட்டில் வளர்ப்போர் குறைவு. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள கிளையைப் பிடித்து ஏறும் கொடி இது என்பதால், ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்ட தோட்டத்தில் இதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. தன்போக்கில் வளர்ந்த ஒரு புதரின் அருகே கிழங்கை நட்டால் போதும். மழைக்காலத்தில் ஆளுயரத்துக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கும் அரும்புகள் விரியும்போது இதழ்களை மேல்நோக்கி மடக்கி, மஞ்சளும் பச்சையுமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போகும். காய் முற்றியபின் தண்டு காய்ந்து சாய்வதைப் பார்த்து, செடி செத்துவிட்டதென்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். பசுமை முற்றிலும் வற்றும்வரை அந்த இலைகள்தாம் அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்க்கின்றன. கோடையில் மண்ணுக்குள் உறங்கும் கிழங்கு மழை கண்டதும் மறுபடி முளைக்கும்.

எதையுமே வெட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்வாழையின் ஒரு தண்டு பூத்து ஓய்ந்தபின் மீண்டும் பூக்காது. அதைத் தரையோடு அறுத்தால் கிழங்கிலிருந்து வரும் புதுக்கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். அது நெட்டையாக வளர்ந்து சரிகிறதென்றால், பெரும்பாலும் நிழலோ மிகையான யூரியாவோதான் காரணம். கம்பு நட்டுக் கட்டுவதற்கு முன் அவற்றைக் கவனிக்கலாம். மின்கம்பியை நோக்கி வளரும் கிளையையும் கழிக்கத்தான் வேண்டும்.

அரளி, செங்காந்தள் இரண்டும் வேர் முதல் விதைவரை நஞ்சு. செங்காந்தள் கிழங்கு உயிரையே பறிக்கக்கூடியது. சிறுபிள்ளைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீடுகளில் அவ்விரண்டையும் தவிர்த்து, செம்பருத்தியையும் கல்வாழையையும் மட்டும் உயரவிட்டாலே தேன்சிட்டுகள் வரும்.