லிஃப்டும் பன்னிரண்டு காலங்களும்

(வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று. ஏழாம் மாடி வீடு. மாலை நான்கரை மணி. அம்மப்பா சாரத்துடன் சாய்மனைக் கதிரையில் கிடக்கிறார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேத்தி பேனாவோடு மேசையில். லிஃப்ட் ஓடி மூன்று வாரமாகிறது. நிர்வாகத்தாரிடம் வாயால் சொல்லிப் பலனில்லை. ஆங்கிலத்தில் கடிதம் போனால்தான் பிரித்தாவது பார்ப்பார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.)

அம்மப்பா: (தொலைபேசியில்) வந்துவிட்டேன், வந்துவிட்டேன். கதிரேசன் கோயில் வாசலிலேயே நில்லுங்கள். (வைக்கிறார்.)

பேத்தி: எங்கே வந்துவிட்டீர்கள், அம்மப்பா?

அம்மப்பா: பம்பலப்பிட்டிக்கு.

பேத்தி: இன்னும் சாரம்கூட மாற்றவில்லையே!

அம்மப்பா: அதை விடு, பிள்ளை. நான் சொல்லச் சொல்ல எழுது. ‘தி லிஃப்ட் இஸ் நொட் வேர்க்கிங் ஃப்ரொம் த்ரீ வீக்ஸ்.’

பேத்தி: பிழை. ‘ஹேஸ் நொட் பீன் வேர்க்கிங் ஃபோர் த்ரீ வீக்ஸ்.’

அம்மப்பா: ஓடாத லிஃப்டுக்கு எதற்கு இத்தனை சொல்? ஓடிய காலத்தில்கூட அது இவ்வளவு சத்தம் போட்டதில்லை.

பேத்தி: மூன்று வாரத்துக்கு முன்னர் தொடங்கிய தொல்லை இன்றைக்கும் தொடர்கிறது அல்லவா? அந்த நீளம் முழுவதையும் ‘ஹேஸ் பீன்’தான் சுமக்கும். ‘இஸ்’ என்றால் இப்போதைய கதை மட்டும். ‘ஃபோர்’ எவ்வளவு காலம் என்பதற்கு. எந்த நாளிலிருந்து என்று சொல்வதானால் ‘சின்ஸ்’.

அம்மப்பா: தமிழில் ‘மூன்று வாரமாக வேலை செய்யவில்லை’. ஒரே ஓர் ‘ஆக’. அத்தோடு காரியம் முடிந்தது.

பேத்தி: அந்தச் ‘செய்யவில்லை’ எந்தக் காலம்?

அம்மப்பா: (யோசித்து) நேற்றும் செய்யவில்லை. இன்றும் செய்யவில்லை... அட, அது எந்தக் காலத்திலும் நிற்கவில்லையே!

பேத்தி: அதுதான் வில்லங்கம். நமக்கு ‘இல்லை’ என்று வந்ததும் காலம் கழன்று விழுந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இல்லை என்பதற்கும் காலம் காட்ட வேண்டும்.

அம்மப்பா: புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் 40 ஆண்டு வெங்காயம் விற்றவன் நான். சரக்கு இல்லை என்றால் இல்லைதான். எந்தக் காலத்தில் இல்லை என்று ஒருவராவது கேட்டிருப்பாரா? சரி, மொத்தம் எத்தனை காலம் வைத்திருக்கிறார்கள்?

பேத்தி: பாடசாலையில் பன்னிரண்டு என்று படிப்பிக்கிறார்கள்.

அம்மப்பா: உயிரெழுத்தே பன்னிரண்டுதான்! அதை வைத்துக்கொண்டு ஒரு மொழியையே நடத்துகிறோம்.

பேத்தி: மூன்று காலத்துக்கும் நந்நான்கு சாயல், அவ்வளவுதான். வினைச்சொல்லின் வடிவத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் இறந்த காலமும் நிகழ்காலமும் என்று இரண்டே இரண்டுதான் என்று சொல்லும் இலக்கணக்காரர்களும் இருக்கிறார்கள். எதிர்காலத்துக்குச் சொந்த உருவம் கிடையாது. ‘வில்’ போன்ற ஒன்றைக் கடன் வாங்கித்தான் ஓட்டுகிறார்கள்.

அம்மப்பா: எதிர்காலம் கடனில் ஓடுகிறதா? அப்படியென்றால் நம் நாட்டுக்குப் பொருத்தமான மொழிதான். அடுத்த வரி. ‘லாஸ்ட் வீக் ஓல்சோ இட் டிட் நொட் வேர்க்ட்.’

பேத்தி: ‘டிட் நொட் வேர்க்.’ கடைசி ‘ட்’ கிடையாது.

அம்மப்பா: போன வாரக் கதையாயிற்றே! இறந்த காலம் வேண்டாமா?

பேத்தி: ‘டிட்’ ஏற்கெனவே இறந்துவிட்டது, அம்மப்பா. பக்கத்தில் நிற்கிற ‘வேர்க்’கையும் எதற்குக் கொல்கிறீர்கள்?

அம்மப்பா: ஒரு வாக்கியத்தில் ஒரு சாவுதானா? நல்ல சட்டம். இனி என்னுடைய முழங்காலைப் பற்றி எழுது. ‘ஐ ஹேவ் கிளைம்ட் 126 ஸ்டெப்ஸ் யெஸ்டர்டே.’

பேத்தி: ‘யெஸ்டர்டே’ வந்த வீட்டில் ‘ஹேவ்’ தங்காது. நேற்று முடிந்த கதை. ‘ஐ கிளைம்ட்’ போதும்.

அம்மப்பா: முடிந்த கதையா? நேற்று ஏறியதற்கு இன்றைக்கு வலிக்கிறது, நாளைக்கும் வலிக்கும். உன் ஆங்கிலத்துக்கு முழங்கால் கிடையாது போலிருக்கிறது. ‘நேற்று ஏறியிருக்கிறேன்’ என்று தமிழில் சொன்னால் யாரும் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதில்லை.

பேத்தி: அந்த ‘ஏறியிருக்கிறேன்’தான் நம்மைத் தடுக்கி விழுத்துகிறது. அதை அப்படியே தூக்கி ‘ஹேவ் கிளைம்ட்’ என்று வைத்துவிடுகிறோம். நேற்றின் பலன் இன்றைக்கும் இருக்கிறது என்று காட்ட ‘ஹேவ்’ வரலாம். ஆனால் எப்போது ஏறினீர்கள் என்று நாளைச் சொன்னால் அது ஓடிவிடும்.

அம்மப்பா: அப்படியானால் ‘யெஸ்டர்டே’யை வெட்டு. எனக்கு வலிதான் முக்கியம், தேதியல்ல.

பேத்தி: (வியந்து) அது சரியான திருத்தம்!

அம்மப்பா: கணக்குப் புத்தகத்தில் பழக்கம். கணக்கு உதைத்தால் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். எழுது: ‘ஐ ஆம் ஹேவிங் அ வைஃப் அண்ட் டூ பேட் நீஸ்.’

பேத்தி: ‘ஐ ஹேவ்.’ உடைமையைச் சொல்லும்போது ‘இங்’ சேராது. ‘நோ’, ‘பிலீவ்’ எல்லாமே அந்தச் சாதி. ‘ஐ ஆம் நோயிங்’ என்று கொழும்பு முழுக்கச் சொல்கிறார்கள். பரீட்சையில் எழுதினால் புள்ளி போய்விடும்.

அம்மப்பா: ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்று கீழ்வீட்டுக்காரர் தினமும் தொலைபேசியில் கத்துகிறாரே?

பேத்தி: அது சரி. அங்கே ‘ஹேவ்’ என்றால் சாப்பிடுவது. அது ஒரு செயல்.

அம்மப்பா: சோற்றுக்கு ‘இங்’ உண்டு, மனைவிக்கு இல்லை. (உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி) இதை அம்மம்மாவுக்குச் சொல்லாதே. 45 ஆண்டு தொடர் நிகழ்காலம், அது எனக்குத்தான் தெரியும். சரி, இனி மிரட்டல். ‘இஃப் யூ வில் நொட் ரிப்பேர், ஐ வில் நொட் பே.’

பேத்தி: முதல் பாதியில் ‘வில்’ வேண்டாம். ‘இஃப் யூ டூ நொட் ரிப்பேர் இட்.’

அம்மப்பா: அவர்கள் திருத்தப்போவது இனிமேல்தானே? எதிர்காலத்தை ஏன் பிடுங்குகிறாய்?

பேத்தி: இப்படி நிபந்தனை போடும்போது ‘இஃப்’புக்குப் பிறகு நிகழ்காலத்தை வைத்தே எதிர்காலத்தைச் சொல்வார்கள். நாம் மட்டும் என்ன? ‘நாளை வந்தால்’ என்கிறோம். ‘வந்தான்’, ‘வந்தால்’ இரண்டையும் பாருங்கள். நாளைக்கு வருகிறவனுக்கு நேற்றைய சட்டை.

அம்மப்பா: (கதிரையில் நிமிர்ந்து) வந்தாயா வழிக்கு! இதற்கெல்லாம் நம்மவர்கள் அன்றைக்கே அனுமதிச் சீட்டு கொடுத்துவிட்டார்கள், பிள்ளை. காலவழுவமைதி. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நான்கு காரணம் இருந்தால் காலத்தை மாற்றிச் சொல்லலாம். நன்னூலில் இருக்கிறது. எங்கள் வாத்தியார் காதைத் திருகிப் படிப்பித்தது.

பேத்தி: எங்களுக்கும் இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பவனை வெளியில் நின்று அழைத்தால் ‘வந்துவிட்டேன்’ என்பான். அது விரைவு.

அம்மப்பா: அதையேதான் நானும் செய்தேன். நீ என்னைப் பொய்யன் மாதிரிப் பார்த்தாய். நன்னூலார் பக்கபலமாக இருக்கும்போது நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

பேத்தி: விரைவு என்றால் விரைந்து போக வேண்டும், அம்மப்பா. அந்த ஐயா கோயில் வாசலில் எவ்வளவு நேரமாக நிற்கிறார்?

அம்மப்பா: ‘ஹேஸ் பீன் ஸ்டாண்டிங் சின்ஸ்’ மூன்றரை.

பேத்தி: சரி! ‘சின்ஸ்’கூடச் சரி!

(தொலைபேசி மணி. அம்மப்பா, கோயில் வாசல்காரர்தான் என்று நடுங்கியபடி எடுக்கிறார். முகம் மாறுகிறது.)

அம்மப்பா: ஓம்... ஓம், ஏழாம் மாடிதான்... அப்படியா... நல்லது, தம்பி. (வைக்கிறார்.)

பேத்தி: யார்?

அம்மப்பா: லிஃப்ட் திருத்துகிற பையன். ‘வந்துவிட்டேன், ஐயா’ என்கிறான்.

பேத்தி: (துள்ளி எழுந்து) அப்படியானால் கடிதம் தேவையில்லையே!

அம்மப்பா: பின்னால் குக்கர் விசில் அடித்தது. ‘தம்பி, சோறா போடட்டும், இடியப்பமா?’ என்று ஒரு பெண்குரலும் கேட்டது.

(இருவரும் சற்று நேரம் பேசாமல் இருக்கிறார்கள். அம்மப்பா எழுந்து வேட்டியை எடுத்து உதறுகிறார்.)

பேத்தி: இப்போது கடிதத்தை என்ன செய்ய?

அம்மப்பா: நீ சொன்னபடியே பேனாவால் எழுதி முடி. அந்த ‘த்ரீ’யை மட்டும் பென்சிலால் எழுது.