ஆறு சதவீதம்

2003 மே 25, ஞாயிற்றுக்கிழமை. அர்ஜென்டினாவில் நெஸ்டர் கிர்ச்னர் அதிபராகப் பதவியேற்றார். செவ்வாய்க்கிழமையே எந்த்ரே ரியோஸ் மாகாணத்துக்குக் கிளம்பிப் போனார். அங்கே ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை, வேலைநிறுத்தத்தால் அந்த ஆண்டு வகுப்புகளே தொடங்கவில்லை. சங்கங்களோடு உட்கார்ந்து பேசி, பாக்கிச் சம்பளத்துக்கு வழி செய்து, ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் திரும்பினார். கூடப் போனவர் புதுக் கல்வி அமைச்சர் டேனியல் ஃபில்முஸ்.

நான் ஆசிரியை. ஒரு அரசின் முதல் வேலையே ஆசிரியர் சம்பளமாக இருந்த இந்தச் செய்தி என்னை விடவே இல்லை. அதனால்தான் ஃபில்முஸைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

ஃபில்முஸ் சமூகவியல் படித்தவர், கல்வி ஆய்வாளர். அமைச்சராகும் முன் தலைநகர் புவனோஸ் அயர்ஸின் கல்விப் பொறுப்பில் இருந்தார். அவர் கைக்கு வந்த கல்வித் துறை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். தொண்ணூறுகளில் அப்போதைய அதிபர் மெனெமின் அரசு, மத்திய அரசு நடத்திய உயர்நிலைப் பள்ளிகளை மாகாணங்களிடம் தள்ளிவிட்டது. பள்ளிகள் போயின, அதற்கான பணம் போகவில்லை. பணக்கார மாகாணம் சமாளித்தது, ஏழை மாகாணம் தத்தளித்தது. 1997 ஏப்ரலில் ஆசிரியர்கள் நாடாளுமன்றத்துக்கு எதிரே வெள்ளைக் கூடாரம் போட்டு, முறைவைத்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1003 நாட்கள் அந்தக் கூடாரம் நின்றது. அதன் அழுத்தத்தில்தான், ஆசிரியர் சம்பளத்தோடு மத்திய அரசு சேர்த்துத் தரும் ஆசிரியர் ஊக்க நிதி என்ற ஒன்றே பிறந்தது.

சரி, ஃபில்முஸ் என்ன செய்தார்? 2003 முதல் 2007 வரை, நாலரை வருடத்துக்குள் வரிசையாகச் சட்டங்கள் கொண்டுவந்தார். ஆண்டுக்குக் குறைந்தது 180 நாள் வகுப்பு நடக்க வேண்டும் என்று ஒன்று. தொழிற்கல்விக்கு ஒன்று, அதில் மத்திய அரசின் வருவாயில் 0.2 சதவீதம் அதற்கே என்று எழுதி வைத்தார். கல்வி நிதிச் சட்டம் 2010க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்குப் போக வேண்டும் என்றது. ஆசிரியர் சங்கங்களோடு தேசிய அளவில் சம்பளப் பேச்சுவார்த்தை நடத்துவதையும் அதே சட்டம் கட்டாயமாக்கியது. 2006 டிசம்பரில் வந்த தேசியக் கல்விச் சட்டம், உயர்நிலைப் பள்ளி முடியும் வரை படிப்பைக் கட்டாயமாக்கி, அந்த 6 சதவீதத்தையும் நிரந்தரமாக்கியது. இவற்றுக்கு நடுவே கால்பந்து மைதானங்களில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குச் சிறுகதைகள் அச்சடித்துக் கொடுத்தார்கள். எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

தேர்தல் மட்டும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. புவனோஸ் அயர்ஸ் நகரத் தலைவர் பதவிக்கு 2007லும் 2011லும் நின்று, இரண்டு முறையும் மௌரிசியோ மக்ரியிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அப்புறம் அந்த மக்ரி அதிபரானார். 2018 தொடக்கத்தில் அவருடைய அரசாணை ஒன்று தேசியச் சம்பளப் பேச்சுவார்த்தையின் பல்லைப் பிடுங்கியது. ஃபில்முஸ் செனட்டராக இருந்தார், பனிப்பாறைகளைக் காக்கும் சட்டத்துக்காக நின்றார், பிரிட்டன் ஃபாக்லாந்து என்று அழைக்கும், அர்ஜென்டினா உரிமை கோரும் மால்வினாஸ் தீவுகள் விவகாரத்தைக் கவனித்தார், கடைசியாக 2021 முதல் 2023 வரை அறிவியல் அமைச்சர்.

அவர் மீது எனக்கு ஒரு குறை உண்டு. பள்ளிகளை நடத்துவது 23 மாகாணங்களும் தலைநகரும். 6 சதவீதத்தில் பெரும் பங்கு அவர்களுடைய பையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டத்தில் வலுவான பதில் இருக்கவில்லை. அதனால் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த இலக்கை எட்டவே இல்லை, அவருடைய சொந்தக் கட்சி ஆட்சியில் இருந்த ஆண்டுகளையும் சேர்த்துத்தான். இவ்வளவு தெரிந்த ஆய்வாளர் அந்த ஓட்டையை அடைத்திருக்க வேண்டாமா?

எட்டாத எண்ணால் என்ன பயன் என்று கேட்கலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சட்டத்தில் அந்த எண் இருந்தவரை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எதிர்க்கட்சியும் ஆசிரியர் சங்கமும் அதைக் காட்டிக் கணக்குக் கேட்க முடிந்தது. எத்தனை குறைகிறது, ஏன் குறைகிறது என்று அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் அதிபரான ஹவியர் மிலெய் வந்த கையோடு கல்வி அமைச்சகத்தையும் அறிவியல் அமைச்சகத்தையும் இல்லாமல் ஆக்கினார். கூடாரத்தில் பிறந்த ஊக்க நிதியை அடுத்த ஆண்டே நிறுத்தினார். பணம் தராமல் இருப்பது அவருக்குச் சுலபமாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் 2026 பட்ஜெட் மசோதாவில், தேசியக் கல்விச் சட்டத்தின் 6 சதவீதப் பிரிவையும் தொழிற்கல்வியின் 0.2 சதவீதத்தையும் நீக்க வேண்டும் என்று அவருடைய அரசு எழுதிக் கொடுத்தது.