ஆர்போன்: ஏரிக்கரையில் இன்னும் ஓடும் இயந்திரங்கள்

சவுரர் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது அன்னூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில். ஆட்டோகோனர் பிரிவில் ஃபிட்டராக மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறிப் பார்த்த காலம் அது. நூலைக் கோனில் சுற்றும் அந்த இயந்திரம் ஜெர்மனியின் ஷ்லாஃப்ஹார்ஸ்ட் தயாரிப்பு. 1991-ல் அதை ஸ்விஸ் கம்பெனியான சவுரர் வாங்கிவிட்டதால் இரண்டு பெயரும் எனக்குச் சேர்ந்தே பழக்கம். அதற்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது என்று நினைத்ததே இல்லை.

போன வருடம் ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் காலனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். "மச்சான், இண்டர்லாக்கன் போலாமா, லூசர்ன் போலாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாப்ள, முதல்ல ஆர்போன் போலாம்" என்றேன். சவுரர் வளர்ந்த ஊர் அது, அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆறு வருடமாக செயின்ட் காலனில் குடியிருக்கும் மாப்பிள்ளை ஒருமுறைகூட ஆர்போனில் இறங்கியதில்லை.

ஆர்போன் பெரிய ஊர் இல்லை, சுமார் 15,000 பேர். பொடன்சே ஏரிக்குள் நாக்கு நீட்டியதுபோல ஒரு நிலத்துண்டு, அதன் மேல் பழைய ஊர். எதிர்க்கரை ஜெர்மனி, ஏரியின் கிழக்கு முனையில் ஆஸ்திரியா. திரும்பிப் பார்த்தால் தெற்கே 2,502 மீட்டர் உயரத்தில் சென்டிஸ் மலை. ரோமானியர்கள் இங்கே கோட்டை கட்டி 'ஆர்போர் ஃபெலிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், மகிழ்ச்சியான மரம் என்று பொருள் சொல்லலாம். அதற்கும் 3,000 வருடங்களுக்கு முன்பே ஏரிக்கரையில் மரக் கம்பம் நட்டு வீடு கட்டி வாழ்ந்தவர்களின் தடம் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கிறது. ஆர்போன் இருக்கும் துர்காவ் மாநிலத்துக்கு ஸ்விஸ்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'மோஸ்ட் இந்தியா'. மோஸ்ட் என்றால் ஆப்பிள் சாறு. வரைபடத்தில் மாநிலம் இந்தியா மாதிரி இருக்கிறதாம்! ஆப்பிள் தோட்டம் மட்டும் கண்ணுக்கு எட்டிய தூரம் உண்மையாகவே இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்த அழகைப் பற்றி இல்லை. அங்கிருக்கும் பழைய கோட்டைக்குள்கூட 19-ஆம் நூற்றாண்டில் பட்டு ரிப்பன் நெய்யும் ஆலைதான் ஓடியிருக்கிறது. உழைத்த ஊர் அது.

1853-ல் ஃபிரான்ஸ் சவுரர் என்பவர் செயின்ட் காலன் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரி தொடங்கினார். பத்து வருடத்துக்குள் தொழில் ஆர்போனுக்கு வந்துவிட்டது. அந்தப் பகுதி முழுக்க எம்பிராய்டரி வியாபாரம் கொழித்த நேரம். சவுரர் குடும்பம் எம்பிராய்டரி இயந்திரம் செய்ய ஆரம்பித்தது. முதலில் வந்தது கையால் ஓட்டும் இயந்திரம். அதன் ஊசிக்கு இரண்டு பக்கமும் முனை, நடுவில் காது. துணி செங்குத்தாக நிற்கும், ஊசிகள் முன்னும் பின்னும் ஊடுருவிப் போகும். ஓட்டுபவர் இடது கையால் பெரிதாக வரைந்த டிசைனின் கோட்டைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போவார். வலது கை சக்கரத்தைச் சுற்றும். பெரிய படத்தில் கை நகர்வது, துணியில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிப் பூவாக விழும்.

அந்த நூற்றுக்கணக்கான ஊசிகளிலும் நூல் கோத்தது யார்? பெண்களும் பிள்ளைகளும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து ராத்திரி வரை ஊசி கோத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் பனியன் மூட்டையைப் பிரித்து, பிசிறு வெட்டி அடுக்கிக் கொடுப்பார். நானும் தங்கையும் கூட உட்காருவோம்.

அதற்குப் பின் வந்தது ஷிஃப்லி இயந்திரம். ஷிஃப்லி என்றால் அவர்கள் பேச்சில் சின்னப் படகு. உள்ளே நூலைச் சுமந்து ஓடும் நாடா (ஷட்டில்) படகு வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். ஏரிக்கரை ஊருக்குப் பொருத்தமான பெயர் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் லாரி. 1903-லிருந்து சவுரர் லாரி செய்தது. டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலோடு சேர்ந்து, 1908 வாக்கிலேயே லாரிக்கு ஏற்ற சின்ன டீசல் எஞ்சினை உருவாக்கும் வேலையில் இறங்கியவர் அந்தக் குடும்பத்தின் ஹிப்போலிட் சவுரர். மலை நாட்டில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து என்பது ஊட்டி ரோட்டில் லாரி ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துவதில் சவுரர்தான் முன்னோடிகளில் ஒருவர். ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் மூன்று சுரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் மஞ்சள் தபால் பேருந்துகளில் ஏராளமானவை இந்த ஏரிக்கரையில் பிறந்தவைதான்.

எல்லாம் சுமுகமாக நடந்ததாக நினைக்க வேண்டாம். இத்தாலியிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் இந்த ஊர் ஆலைகளில் உழைத்தார்கள். 1908-ல் ஹைனே எம்பிராய்டரி ஆலையில் பெரிய போராட்டம் வெடித்தது. தொழிற்சங்கம் வேரூன்றிய ஊர் ஆர்போன்.

முதல் உலகப் போருக்குப் பின் எம்பிராய்டரி சரிந்தது. லாரித் தொழில் 1980-களில் முடிவுக்கு வந்தது. 1982-ல் லாரிப் பிரிவு டைம்லர் பென்ஸ் கைக்குள் போனது. 1987-ல் ஸ்விஸ் ராணுவத்துக்குக் கொடுத்ததுதான் கடைசி சவுரர் லாரி. ஜவுளி இயந்திரப் பிரிவு கை மாறிக் கை மாறி 2013-ல் ஒரு சீனக் குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. பழைய ஆலை நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். இரும்புப் பாகங்களை அழுத்தி வடிவமைத்த பிரஸ் கூடத்தை மட்டும் இடிக்காமல் கலையரங்கமாக வைத்திருக்கிறார்கள். வீடுகள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுவரை மட்டும் காப்பாற்றிவிட்டால் ஓர் ஆலையின் நினைவு தங்கிவிடும் என்று நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் ஏரியை ஒட்டி இருக்கும் சவுரர் மியூசியம். பழைய வண்டி ஆர்வலர்கள் சங்கம் ஒன்று நடத்துகிறது. லாரிகள், பேருந்துகள், தீயணைப்பு வண்டிகள் எல்லாம் பளபளவென்று நிற்கின்றன. அவற்றைத் தாண்டி எம்பிராய்டரி இயந்திரங்களும் தறிகளும். நாங்கள் போன அன்று எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் கை இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார். எனக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. மாப்பிள்ளை கொஞ்சம் மொழிபெயர்த்தார். நான் மில் ஃபிட்டர் என்று சொன்னதும் பெரியவர் எழுந்து என்னை அந்த ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார். என் வலது கையைப் பிடித்துச் சக்கரத்தில் வைத்தார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே லேசாக இழுக்க வேண்டும் என்பதைக் கையாலேயே சொன்னார். ஐந்தாவது சுற்றில் எனக்கு அந்த இயந்திரத்தின் இழுப்பு பிடிபட்டது. இதை எந்தப் பலகையிலும் எழுதி வைக்க முடியாது.

என் கருத்து இதுதான். இயந்திரத்தைக் கண்ணாடிக்குள் பூட்டிவைப்பது பாதி வேலை. அதை ஓடவிட வேண்டும், ஓட்டத் தெரிந்த கை இருக்கும்போதே இன்னொரு கைக்கு மாற்றிவிட வேண்டும். ஆர்போன் அதைச் செய்கிறது.

கோவையில் மூடிய மில்களின் நிலம் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். அங்கேயும் வீடுகளும் கடைகளும்தான் வந்தன. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமும் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரமும் பழைய இரும்பு விலைக்குப் போயின. அவற்றை ஓட்டியவர்களில் பலர் இன்னும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் நம்மோடுதான் இருக்கிறார்கள், எண்பதைத் தொட்டுக்கொண்டு.

யார் வீட்டிலாவது, பட்டறையிலாவது, மூடிய மில்லின் மூலையிலாவது ஓடும் நிலையில் பழைய இயந்திரம் இருந்தால் சொல்லுங்கள். ஓட்டத் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அதைவிட முக்கியம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கருவிப் பெட்டியோடு வருகிறேன். பெல்ட்டும் பேரிங்கும் மாற்றுவது என் பொறுப்பு. ஓட்டிக் காட்டுவது மட்டும் அவர்கள் செய்யட்டும், பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு.