அந்தப் படத்தில் கிடந்தது அரக்கன் அல்ல

நேற்று முழுவதும் சமூக ஊடகங்களில் சுற்றிவந்த அந்தப் படத்தை மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. படகின் தளத்தில் கிடந்த, சுத்தியல் போல இருபுறமும் அகன்ற தலைகொண்ட பெருங்கொம்பன் சுறாவின் மேல் காலை ஊன்றி நின்றவரை 'அரக்கனை வீழ்த்திய வீரர்' என்று கொண்டாடியவர்களில் என் நண்பர்களும் இருந்ததுதான் உறுத்துகிறது. அது அரக்கன் அல்ல என்று ஒரே ஒரு வரி எழுதினேன். பதிலுக்குக் கிடைத்த 'சுறாவுக்குச் சொந்தக்காரர்' பட்டத்தை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

கொம்பன் சுறா தாக்கி மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. மணலுக்குள் ஒளிந்திருக்கும் திருக்கையின் மெல்லிய மின்துடிப்பைத் தேடி உணரவும், அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கவும் உதவுகிற தலை அது. 2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'மிக அருகிய இனம்' என்று பட்டியலிட்ட விலங்கை, மூன்று தலைமுறைக்குள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோன விலங்கை, அரக்கன் என்று அழைக்க அசாத்திய தைரியம் வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கொம்பன் குட்டி கண்ணாடிக் குடுவையில் இருந்தது. பிறக்கும்போது தாயைக் காயப்படுத்தாதபடி அதன் தலையின் இரு புறமும் துணியைப் போலப் பின்னோக்கி மடிந்திருந்தன. நானும் என் வகுப்புத் தோழரும் மணி அடித்ததுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

'வலையில் சிக்கியதை விட்டாலும் பிழைக்காது' என்கிறீர்கள். அது பெருமளவு உண்மைதான். பிடிபட்ட பதற்றத்திலேயே விரைவில் சாகிற இனம் இது. ஆனால் படத்தில் அதன் வாயோரம் தெரிந்தது வலை அல்ல, கையளவுத் தூண்டில் முள். 'பசிக்குப் பிடிப்பவரைக் குறை சொல்லாதே' என்பவர்களுக்கு: நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பசித்தவர் யாரும் மீனின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. 'மனிதர்களுக்காக என்றைக்காவது அழுதாயா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

ஏறத்தாழ 11 மாதம் சுமந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே குட்டி போடுகிற தாய் அது. படத்தில் அதன் வயிறு எப்படிப் புடைத்திருந்தது என்பதை எல்லோரும்தான் பார்த்தோம். 'குட்டிகள் இலவச இணைப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குச் சிரிப்புக் குறி இட்டவர்களின் வரிசையை மேலிருந்து கீழ்வரை படித்தேன். அன்று குடுவையின் முன்னால் என்னோடு நின்ற தோழரின் பெயர் மூன்றாவதாக இருந்தது.