தொடர்கதையில் சின்னப் பாத்திரம் சாகும்போது

கதை நடுவில் தொய்கிறது. நாயகன், நாயகி மேல் கை வைக்க முடியாது. ஆகவே பக்கத்து வீட்டுத் தாத்தா போய்ச் சேருகிறார். அத்தியாயத்துக்குக் கீழே வரிசையாக அழுகை எமோஜி. இரண்டு வாரம் கழித்துத் தாத்தாவின் பெயர் வாசகருக்கும் நினைவில்லை, எழுதியவருக்கும் நினைவில்லை. இணையத் தொடர்களில் இது வாராவாரம் நடக்கிறது.

சாவுக் காட்சியில்தான் எல்லாரும் உழைப்பைக் கொட்டுகிறார்கள். மழை, மூச்சுத்திணறல், கடைசி வசனம் எல்லாம் உண்டு. என் கட்சி வேறு. சின்னப் பாத்திரத்தின் சாவு கனப்பது அவர் செய்துவந்த ஏதோ ஒரு காரியம் நின்றுபோவதால்தான். அந்தக் காரியத்தைச் சாவுக்கு முன்பே கதைக்குள் வைத்திருக்க வேண்டும்.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ மாதத் தவணைகளாக வந்த நாவல். தெருக் கூட்டும் பையன் ஜோ அதில் 1852 ஜூன் தவணையில் வருகிறான், 1853 மே தவணையில் சாகிறான். நடுவில் பதினொரு மாதம். அதற்குள் அவன் செய்தவற்றைப் பாருங்கள். பிரேத விசாரணையில் சாட்சி சொல்ல வந்து, தகுதியில்லை என்று ஒதுக்கப்படுகிறான். முகத்திரை போட்ட பெண்ணுக்கு ஒரு கல்லறையைக் காட்டிக்கொடுக்கிறான். நாயகியின் முகத்தைக் கெடுத்த நோய் அவனிடமிருந்து புறப்பட்டதுதான். கதையின் முக்கியமான முடிச்சுகள் அவன் வழியாகப் போகின்றன. அவனுக்கென்று தனிக்கதை கிடையாது, ஆனால் அவனை உருவினால் மற்றவர்கள் கதை கழன்றுவிடும்.

நம்மூரில் ‘பொன்னியின் செல்வன்’, 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில். மணிமேகலையைப் பற்றிய பேச்சு முதல் பாகத்திலேயே, அவளை மறந்துவிடு என்று அவள் அண்ணன் கந்தமாறன் நாயகன் வந்தியத்தேவனிடம் சொல்லும்போதே வந்துவிடுகிறது. பிற்பாடு வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். அவன் பட்ட கடன் தீரவே இல்லை. ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் அவள் சாகும்போது அந்தக் கடன்தான் நம்மை உலுக்குகிறது.

சரி, உங்கள் தொடருக்கு வருவோம். அடுக்ககம் ஒன்றில் நடக்கும் அறுபது அத்தியாயக் கதை என்று வையுங்கள். வாசலில் இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர். அவர் 30ஆம் அத்தியாயத்தில் சாக வேண்டுமென்றால் 4ஆம் அத்தியாயத்திலேயே வந்துவிட வேண்டும். வந்து சும்மா நிற்கக் கூடாது, நாயகி வீட்டு மாற்றுச்சாவி அவரிடம் இருக்க வேண்டும். 11இல் அந்தச் சாவியால் ஒரு காரியம் நடக்கட்டும். 19இல் அவர் ஒரு தவறு செய்யட்டும், யார் துணியையாவது கருக்கிவிட்டுச் சமாளிக்கட்டும். நல்லவராக மட்டுமே இருக்கிறவர் சாவது வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒவ்வொரு வரவுக்கும் நாலைந்து வரி போதும். அதைத் தாண்டினால் அவருக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

பெரிய பிழை 29இல்தான் நடக்கும். சாவுக்கு முந்தைய அத்தியாயத்தில் திடீரென்று அவருக்கு ஒரு மகள், மகளுக்குக் கல்யாணம், சட்டைப்பையில் அவள் போட்டோ! சினிமாவில் நாளை ஓய்வுபெறப்போகும் ஏட்டையாவைப் பார்த்ததுமே நமக்குத் தெரியாதா? மகள் வேண்டுமென்றால் 11இலேயே போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். 29இல் அவர் வராமலிருப்பதே நல்லது.

சாவை அத்தியாயத்தின் கடைசி வரியில், ‘தொடரும்’ போடுவதற்கு முன்னால் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் வாசகர் ஒரு வாரமும் ‘செத்தாரா, பிழைத்தாரா’ என்று புதிர் போட்டுக்கொண்டிருப்பார், துக்கத்துக்கு இடமிருக்காது. நடுவில் வைத்து, மிச்ச அத்தியாயத்தை வேறு வேலையில் ஓட்டுங்கள்.

பிறகுதான் அந்தச் சாவால் என்னென்ன நின்றுபோகிறது என்ற செலவுக் கணக்கு. 31இல் ஒப்பாரி வேண்டாம். 33இல் நாயகி சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே நிற்கட்டும். 40இல் வேறு வண்டி வரட்டும், கணக்கு நோட்டில் பழைய பாக்கி யாருடையது என்று தகராறு வரட்டும். இங்கெல்லாம் ‘அவர் இல்லையே’ என்று எழுதித் தொலைக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல், வாரம் ஒரு அத்தியாயம் படிப்பவர் மறந்துவிடுவார், மொத்தமாக ஓர் இரவில் படிப்பவருக்கு நினைவூட்டல் எரிச்சலூட்டும். இருவருக்கும் பொதுவான வழி, பாத்திரத்துக்கு ஒரே ஒரு அடையாளம் கொடுத்து, அதை எப்போதும் செயலிலேயே காட்டுவது. கரி ஊதும்போது கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவு போதும். பெயரின் முதலெழுத்து வேறு யாருடைய பெயருக்கும் இருக்கக் கூடாது.

டிவி சீரியல்களை இதற்கு முன்மாதிரியாக எடுக்காதீர்கள். நடிகர் விலகினால் மாலை போட்ட போட்டோவோடு முடித்துவிடுகிற நெருக்கடி அவர்களுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை.

எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, கடைசியாக வந்த அத்தியாய எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். பன்னிரண்டு அத்தியாயமாக வராத ஆளைக் கொல்ல நினைத்தால் முதலில் அவரை அழைத்து வந்து ஒரு வேலை கொடுங்கள். கொடுக்க வேலை ஏதும் தோன்றவில்லையா, அவரை ஊருக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.