ஒரு 'ள்' எழுத்துக்காக

ஜூன் 15 இரவு பதினொன்றரை மணிவரை, ஆலைத் தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதாக ஒரு மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். பெங்களூரா காய் வரத்து தொடங்கினால் நாற்பது பேர்; ஆடி முடிந்தால் எட்டுப் பேர். 20 பேரைத் தொட்ட நாளிலிருந்து வருங்கால வைப்பு நிதி ஆலையோடு ஒட்டிக்கொண்டது. ஆள் குறைந்தாலும் விலகாது, விலகவும் வேண்டாம். கூலியில் 12 சதவீதம் பிடிக்கிறோம், எங்கள் பங்கும் 12 சதவீதம். மறுமாதம் 15-க்குள் பட்டியலோடு கட்டச் சொல்வது நியாயம்தான்.

ஆனால் கட்ட விடுங்களேன்!

காய் அறுக்கும் இடத்தில் ஒரு அம்மா. ஆதாரில் 'மாதம்மாள்'. முன்பு வேலை பார்த்த கம்பெனி போட்ட வைப்பு நிதிக் கணக்கில் 'மாதம்மா'. பெயர் ஒத்துப்போகாததால் ஆதார் இணையவில்லை. ஆதார் இணையாத வைப்பு நிதி எண்ணுக்கு 2021-லிருந்து பணம் செலுத்த முடியாது. வீதிக்கு நாலு மாதம்மா இருக்கும் ஊர் இது. கூப்பிடும்போது 'ள்' வராது, எழுதினால் வரும். இரண்டும் ஒரே ஆள் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆதாரையே திருத்திவிடலாம் என்று இரண்டு பஸ் மாறிப் போனார். மாம்பால் பட்டுப் பட்டு, கத்தி பிடித்துப் பிடித்து, விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. துடைத்துத் துடைத்து ஐந்து முறை வைத்தும் ரேகை பதியவில்லை. அன்றைய கூலியும் போனது. உழைத்துத் தேய்ந்த விரலை வைத்துக்கொண்டு, தான் தான்தான் என்று அவர் எத்தனை இடத்தில் நிரூபிப்பது?

கடைசியில் அவர் பெயரை எடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கட்டினேன். பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளி செய்வது நம்பிக்கை மோசடி என்கிறது சட்டம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, அதற்கு மேல் அபராதம். உண்மையாகவே சுருட்டுகிறவனுக்கு இது போதாது என்பேன். கட்டத் துடிக்கிறவனையும் அதே கூண்டில் நிறுத்துவது என்ன நீதி? முதலில் பணத்தை வாங்கி வையுங்கள், பெயரைப் பிறகு சரிபாருங்கள். அதுவரை வட்டியும் வேண்டாம், அபராதமும் வேண்டாம்.

நேற்று அந்த அம்மா சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பிடித்திருக்கிறீர்களே சார், கணக்கில் ஏறவில்லையே?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.